அடையாளம் தெரியாத வாகனம்: ஓடியவர், கிடந்தவர், சட்டம்

"அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒருவர் பலி." வில்லியனூர், பாகூர் பக்கத்துச் செய்தியாக நாளிதழ்களின் புதுவைப் பக்கத்து மூலையில் இந்த வாக்கியம் அடிக்கடி வரும். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். இதன் இலக்கணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வினைமுற்று கிடையாது. மோதுவது வாகனம், அதை ஓட்டியவன் இல்லை, ஓட்டச் சொன்னவன் இல்லை, வைத்திருந்தவன் இல்லை. செத்தவர் சாகவுமில்லை, கொல்லப்படவுமில்லை. 'பலி' ஆகிறார், ஐயனார் கோயில் திடலில் கிடா ஆவதைப் போல. பலிக்கு யார் மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. காவல்நிலையத்து எழுத்தரின் மொழி செய்தியாளரின் மொழியாகி, பிறகு நம் எல்லோருடைய மொழியாகவும் ஆகிவிட்ட விதம் தனியே எழுதப்பட வேண்டியது. தப்பியோடுதல் என்ற செயலை இந்த மண்ணில் சட்டம் எப்படியெல்லாம் பார்த்து வந்திருக்கிறது, ஓடியவனையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண் கிடந்தவரை எப்போதாவது பார்த்ததா என்பதுதான் இங்கே என் கேள்வி.

அது 1986இல் என் வீட்டுக்குள் வந்த கேள்வி. பெரியப்பா பாகூரிலிருந்து கடலூருக்கு வைக்கோல் பாரம் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன் வண்டி கட்டிப் போனவர். எல்லைக்குப் பக்கத்தில் பின்னாலிருந்து ஏதோ ஒன்று இடித்துவிட்டுப் போய்விட்டது. லாரி என்றார்கள், பஸ் என்றார்கள். டீக்கடைக்காரர் சொன்னது: "இன்னா வண்டின்னு தெரியலப்பா, சத்தம் கேட்டு வெளிய வர்றதுக்குள்ள வெளக்க அணைச்சிட்டுப் பூட்டான்." மாட்டுவண்டி இந்தப் பக்கம், ஆள் அந்தப் பக்கம். இரண்டு பக்கத்துக் காவலர்களும் வந்து, செத்தது யாருடைய மண்ணில் என்று பேசி முடிக்கக் காலை ஒன்பது மணி ஆனது. அதுவரை சாக்கு போர்த்தியபடி கிடந்தார். முதல் தகவல் அறிக்கையில் உறுதியாகச் சொல்லப்பட்டிருந்த ஒரே செய்தி, மாட்டுவண்டியில் விளக்கு இல்லை என்பது. அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கைப் பெரியம்மாவே ஏற்றிக் கட்டி அனுப்பியிருந்தாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. சில மாதங்களில் துப்புத் துலங்கவில்லை என்று வழக்கு மூடப்பட்டது. பிழைத்த ஒரு மாட்டை விற்றுக் காரியம் செய்தார்கள்.

அந்த ஆண்டில், இப்படிப்பட்ட சாவுக்கு ஐயாயிரம் ரூபாய் தர ஒரு சட்டம் நடைமுறையில் இருந்தது. அது எங்களுக்குத் தெரிய வந்தபோது பெரியம்மாவும் இல்லை.

எல்லை என்றேன். புதுவைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விழுப்புரம் சாலையில் வில்லியனூர், அரியூர் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. இன்னும் கொஞ்ச தூரம் போனால் திருவாண்டார்கோயில், மதகடிப்பட்டு, மறுபடியும் புதுவை. தெற்கே கடலூர்ச் சாலையில் கிருமாம்பாக்கம், கன்னியகோயில், முள்ளோடை வரை புதுவை. அப்புறம் கடலூர் மாவட்டம். கிழிந்த வேட்டியை வெயிலில் விரித்தது போன்ற வரைபடம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஊர் ஊராகப் பிடித்ததும் விட்டதும் வாங்கியதுமாக உண்டான இந்தத் துண்டுகள் மேல்தான் 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையால் கொம்யூன்கள் வந்தன, மேர் வந்தார். ஆட்சி மாறியபின்னும் கொம்யூன் என்ற சொல் போகவில்லை.

இந்த எல்லையில் ஓடுவதற்கு ஒரு கௌரவமான வரலாறும் உண்டு. 1908இல் பாரதி இங்கே வந்ததும், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்ததும் பிரிட்டிஷ் சட்டத்தின் பார்வையில் தப்பியோட்டமே. பாரதி 1918 நவம்பரில் வெளியேறிக் கடலூருக்கு அருகே பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததுமே கைது செய்யப்பட்டார். கோடு தாண்டினால் குற்றவாளி, தாண்டாவிட்டால் கவிஞர். கடன்காரனும் சாராயம் கடத்தியவனும் அதே கோட்டைப் பயன்படுத்தினார்கள். இந்தியாவோடு இருந்த சுங்க ஒன்றியம் 1949இல் முறிந்தபின் கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 முதல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16. தேசங்களுக்கு இடையிலான கோடு அழிந்து மாநிலக் கோடு ஆனது. ஆனால் நள்ளிரவில் ஒருவனை இடித்துவிட்டு வேகத்தைக் கூட்டுகிறவனுக்கு, முள்ளோடை இன்றும் ஒரு தேசத்தின் முடிவு போலத்தான். பி.ஒய். எண் பலகையைத் தமிழ்நாட்டுக் காவல்துறையும், டி.என். எண் பலகையைப் புதுவைக் காவல்துறையும் தேடுவதற்குள் கண்ணாடி மாறிவிடும், பெயின்ட் காய்ந்துவிடும்.

சட்டத்துக்கு வருகிறேன். மெக்காலே குழு 1837இல் வரைந்த தண்டனைச் சட்ட முன்வரைவில், அசட்டையால் மரணம் விளைவித்தல் ஒரு குற்றமாக இருந்தது. 1860இல் சட்டம் நிறைவேறியபோது அது விடுபட்டுப் போயிற்று. பத்தாண்டு கழித்து, 1870இல்தான் 304-அ என்ற ஒட்டுப்பிரிவாகச் சேர்த்தார்கள். அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. அப்போது மோட்டார் வாகனமே கிடையாது, குதிரைவண்டியும் மாட்டுவண்டியும்தான். அந்த இரண்டு ஆண்டு லாரி வந்தும், ஆம்னி பஸ் வந்தும், நால்வழிச் சாலை வந்தும் 2024 ஜூன் கடைசி வரை அப்படியே இருந்தது. புதுவைக்கு இந்தச் சட்டம் 1963ஆம் ஆண்டின் 7ஆம் எண் ஒழுங்குவிதியின் மூலம் அந்த ஆண்டு அக்டோபர் முதல் நாள் வந்து சேர்ந்தது. அதுவரை இங்கே இருந்தது வேறொரு சட்ட மரபு: 1819 ஜனவரி 6 ஆணையின் வழியாக இறக்குமதியான பிரெஞ்சுத் தொகுப்புகள்.

பிரெஞ்சு மரபில் ஓடுவது தனிக் குற்றம். 1908 ஜூலை 17ஆம் நாள் பிரான்ஸில் ஒரு சட்டம் வந்தது. விபத்து நடந்தது தெரிந்தும் வண்டியை நிறுத்தாமல், பொறுப்பிலிருந்து தப்ப முயலும் எந்த வாகன ஓட்டிக்கும் ஆறு நாள் முதல் இரண்டு மாதம் வரை சிறை. தண்டனை சின்னது. ஆனால் கொன்றதையும் ஓடியதையும் பிரித்துப் பார்த்தது பெரிய விஷயம். இடித்தது தவறாக இருக்கலாம், விதியாகவும் இருக்கலாம். ஓடியது மட்டும் முழுக்க உன் முடிவு என்கிறது அது. இன்னொரு சட்டம், ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் போவது குற்றம் என்பது, 1941 அக்டோபரில் ஜெர்மானியர்க்கு அடிபணிந்த விஷி அரசின் கையில் பிறந்தது. ஜெர்மன் அதிகாரிகளைச் சுட்டவர்களைக் காட்டிக்கொடுக்க மக்களைக் கட்டாயப்படுத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. விடுதலைக்குப் பின் 1945இல் மனிதாபிமான முகத்தோடு திரும்ப எழுதப்பட்டது. (புதுவை 1940 செப்டம்பரிலேயே தெகோல் பக்கம் போய்விட்டது என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்ள ஒரு சின்ன ஊர்ப் பெருமை.) உதவும் கடமைக்குக்கூட இப்படியொரு அழுக்கான பிறப்பு இருக்கிறது. அரசு நம்மைப் பார்த்து 'நில்' என்னும்போது அது யாருக்காகச் சொல்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது ஒன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1925இல் பெல்ஃபோரில் லாரி ஒன்று இடித்துத் தள்ளி ஒரு சிறுமி காயமடைந்தாள். 1930 பிப்ரவரி 13 அன்று பாரிஸின் உச்ச வழக்குமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம்: தவறு யாருடையது என்று அந்தச் சிறுமி நிரூபிக்க வேண்டியதில்லை, பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவன் அந்தப் பொருள் செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டும். அதாவது கேள்வி ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து, வண்டியை வைத்திருக்கும் கைக்கு நகர்ந்தது.

புதுவையில் பழைய அஞ்சலட்டைகளில் 'புஸ்புஸ்' வண்டியைப் பார்த்திருப்பீர்கள். தொப்பி போட்ட முசே உட்கார்ந்து முன்சக்கரத்தைத் திருப்பும் கைப்பிடியைப் பிடித்திருப்பார். பின்னாலிருந்து ஒரு தமிழன் தள்ளிக்கொண்டு வருவான். திசை எஜமானுடையது, விசை கூலிக்காரனுடையது. மோட்டார் வந்தபோது இது தலைகீழானது. எஜமான் பின்சீட்டுக்குப் போனார், திசை கூலிக்காரன் கைக்கு வந்தது. தண்டனைச் சட்டத்துக்கு இது வசதியாகப் போயிற்று. கைப்பிடியைப் பிடித்திருந்த கைக்கு விலங்கு. இத்தனை டிரிப் அடிக்க வேண்டும், இத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று விரட்டியவனுக்குக் காப்பீட்டு விண்ணப்பம்.

1979இல் ஒரு லாரி ஓட்டுநரின் மேல்முறையீட்டில் (ரத்தன் சிங் வழக்கு) நீதிபதி கிருஷ்ணய்யர் இந்த முடிச்சைத் தொட்டார். ஓட்டுநரின் தண்டனையை அவர் குறைக்கவில்லை. ஆனால் செத்தவரின் குடும்பமும், சிறைக்குப் போகிறவனின் குடும்பமும் நம் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை, இது நம் சட்டவியலின் பலவீனம் என்று எழுதினார். இரண்டு குடும்பத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்தார் என்பதுதான் முக்கியம்.

ஏன் ஓடுகிறான்? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, அடிபட்டவரை மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டுபோவது ஓட்டுநரின் கடமை என்கிறது. கூடவே ஒரு விலக்கு: கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் தவிர. இந்த விலக்கை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். தன் எல்லைக்குள் தன்னைத் தவிர இன்னொரு நீதிமன்றம் சாலையோரத்தில் கூடுகிறது, அதன் தீர்ப்பு உடனடியானது என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது.

ஃபூக்கோ 1972இல் பிரெஞ்சு மாவோயிஸ்டுகளோடு நடத்திய உரையாடலில், மக்கள் நீதிக்கு நீதிமன்றம் என்ற வடிவமே பொருந்தாது என்று வாதிட்டார். நடுவில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் மூன்றாவது ஆள். அந்த ஏற்பாட்டிலேயே அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்பது அவர் வாதம். நாம் இதை ஒரு காலத்தில் உற்சாகமாகப் படித்தோம். நம் சாலையோரக் கூட்டத்துக்கு மேசை இல்லைதான். ஆனால் அதற்குச் சாதி இருக்கிறது. யாருக்கு அடி விழுகிறது என்று பாருங்கள். வெளியூர் லாரியின் ஓட்டுநர், தமிழ் தெரியாத கிளீனர். காரில் வந்தவர் பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை என்றால் குரல் தாழ்ந்துவிடும்: "பேசி முடிச்சிக்கலாம்." செத்தவர் காலனிக்காரர் என்றால் மறியலில் உட்காருவது காலனி மட்டும்தான், ஊர் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். மேசை இல்லாததாலேயே நீதி வந்துவிடுவதில்லை என்பதை ஃபூக்கோவுக்கு நம் சாலைகள் சொல்லியிருக்கும்.

பெரிய வீட்டு ஓட்டம் வேறு மாதிரியானது. 1999 ஜனவரி 10 அதிகாலை தில்லியில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் ஆறு பேரைக் கொன்றுவிட்டு நிற்காமல் போனது. மூன்று பேர் காவலர்கள். கார் ஒரு பங்களாவுக்குள் போய்க் கழுவப்பட்டது. 2012இல் உச்சநீதிமன்றம் சஞ்சீவ் நந்தாவின் குற்றத்தை 304-அ அல்ல, அதைவிடக் கடுமையான 304 இரண்டாம் பகுதி என்று உறுதிசெய்தது. ஆனால் ஏற்கெனவே சிறையில் இருந்த காலமே போதும் என்றது. கூடவே இரண்டாண்டு சமூகசேவையும் ஐம்பது லட்சம் ரூபாயும். அந்தப் பணம், யார் இடித்தது என்று தெரியாமல் போன விபத்துகளில் பாதிக்கப்பட்டவர்களுக்காக. அடையாளம் தெரிந்த ஒரு வாகனம், அடையாளம் தெரியாத வாகனங்களின் கணக்கில் கட்டிய தொகை.

அந்தக் கணக்கு 1982இல் தொடங்கியது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் அந்த ஆண்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். இடித்தவன் தெரியாவிட்டாலும் செத்தவர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், கொடுங்காயத்துக்கு 1,000. 1988 சட்டத்தில் இது 8,500, 2,000 ஆனது. 1994இல் 25,000, 12,500. பிறகு இருபத்தெட்டு ஆண்டு யாரும் தொடவில்லை. 2022 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இரண்டு லட்சம், ஐம்பதாயிரம். தொகையின் அற்பத்தனத்தைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் கருத்தாக இது ஒரு பாய்ச்சல். ஓடியவன் கிடைக்காவிட்டாலும் கிடந்தவர் இருக்கிறார் என்று சட்டம் முதன்முறையாகச் சொன்னது இங்கேதான். விண்ணப்பம் போக வேண்டிய இடமும் நீதிமன்றமல்ல. விபத்து நடந்த பகுதியின் வருவாய்த்துறை அதிகாரி, நம் ஊரில் வட்டாட்சியர். வக்கீல் வேண்டாம், குற்றவாளி வேண்டாம். எல்லை எது என்ற பழைய வழக்கு மட்டும் இங்கேயும் தொடரும்.

இனி 2023. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, அசட்டையால் மரணத்துக்கான சிறையை ஐந்தாண்டாக்கியது. அதன் 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வாகனம் ஓட்டி ஒருவர் சாகக் காரணமானவன் காவலரிடமோ நீதித்துறை நடுவரிடமோ உடனே தெரிவிக்காமல் தப்பினால் பத்தாண்டு என்றது. 2024 புத்தாண்டு அன்று பல வடமாநிலங்களில் லாரிகள் நின்றன, பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. மறுநாளே உள்துறைச் செயலாளர் லாரி சங்கத்தைக் கூப்பிட்டுப் பேசினார். பிப்ரவரி 23 அறிவிக்கையின்படி ஜூலை முதல் நாள் சட்டம் முழுதும் நடைமுறைக்கு வந்தது, இந்த ஓர் உட்பிரிவு நீங்கலாக.

ஓட்டுநர்களின் அச்சத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. நின்றால் அடி, ஓடினால் பத்தாண்டு. ஆனால் அந்த உட்பிரிவின் வாசகத்தை யாராவது கவனித்தோமா? தெரிவிக்க வேண்டியது காவலருக்கு. சாலையில் ரத்தம் வழியக் கிடப்பவரைத் தூக்க வேண்டும் என்ற பேச்சே அதில் இல்லை. தூக்கும் கடமை பழைய 134இல் இருக்கிறது. அதை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகும் ஆறு மாதம் அல்லது ஐயாயிரம் ரூபாய். அரசுக்குச் சொல்லாமல் போனால் பத்தாண்டு, மனிதனைத் தூக்காமல் போனால் ஆறு மாதம். எதைக் குற்றமென்று இந்த அரசு உண்மையில் நினைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது. தன்னிடமிருந்து ஓடுவதைத்தான் அது ஓட்டம் என்கிறது.

இப்போது சில எண்கள். 2022இல் இந்தியாவில் இப்படி இடித்துவிட்டுப் போன விபத்துகள் 67,387, செத்தவர்கள் 30,486. அந்த ஆண்டின் சாலைச் சாவுகள் மொத்தம் 1,68,491. கோவை மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு இது: 2022-23 நிதியாண்டில் இந்த இழப்பீடு கேட்டு நாடு முழுவதும் வந்த மனுக்கள் 205. தீர்க்கப்பட்டவை 95. முப்பதாயிரம் சாவுக்கு இருநூற்றைந்து மனு. ஒரு மாதத்துக்குள் வண்டி எதுவென்று தெரியாவிட்டால், இப்படியொரு திட்டம் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவர்களுக்குக் காவல்துறை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது. நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து.

காவல்துறையை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. இந்தச் சாலைகளில் எத்தனை மறியலில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். 'கைது செய்' என்றோம், வேகத்தடை போடு என்றோம், துண்டறிக்கை அடித்தோம். சடலத்தை வாங்க மறுத்தோம். பேச்சுவார்த்தை முடிந்து வாங்கிக்கொண்டோம். பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு மனுத் தாளோடு போனவர் நம்மில் யார்? நான் போனதில்லை. சட்டம் ஓடியவனையே பார்த்துக்கொண்டிருந்ததாக இவ்வளவு நேரம் எழுதினேன். நாமும் அவன் முதுகையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். அரசை எதிர்ப்பவனுக்கு அரசிடம் மனு எழுதுவது கொஞ்சம் கூச்சமாக இருந்தது என்பதும் உண்மை. அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுத்தது என் பெரியம்மாவைப் போன்றவர்கள்.

போன ஆண்டு வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்காக முதன்முதலாக அந்த மனுவை நிரப்பினேன். கணவர் இரவுப் பணி முடித்து சைக்கிளில் திரும்பியவர். வண்டி எதுவென்று தெரியவில்லை. முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தாள். எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"ஓட்டனவன் பின்னால கெடச்சுட்டா இந்தப் பணத்தத் திருப்பித் தரணுமாண்ணே?"

அவனிடமிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வேறு இழப்பீடு வந்தால் அதிலிருந்து இதைத் திருப்பிக் கட்ட வேண்டும், 163ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்றேன்.

கொஞ்ச நேரம் பையின் வாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கெடைக்கமாட்டான். நீங்க எழுதுங்க."